பென்சிலைப் பிடிக்கறதுக்கு முன்னாடி...

எங்க பேங்க் கவுன்டர்ல ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்க. மனுஷங்க பேனா பிடிக்கறதுல எத்தனை விதம் இருக்குன்னு தெரியும். கட்டைவிரலைச் சுருட்டி உள்ள வெச்சுக்கிட்டுப் பிடிக்கறவங்க, நாலு விரலையும் மேல அடுக்கிப் பிடிக்கறவங்க, ஊதுபத்தி மாதிரி உச்சியில பிடிக்கறவங்க... கையெழுத்து ஃபைல்ல இருக்கற மாதிரியோட ஒத்துப் போச்சுன்னா பணம் கொடுத்துடுவோம். "உங்க பிடி சரியில்லை, வித்ட்ராயல் கிடையாது"ன்னு இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரையும் திருப்பி அனுப்பினது இல்லை :-)

இவ்வளவு தெரிஞ்ச நான், என் பையன் விஷயத்துல மட்டும் அத்தனையும் மறந்துட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

2018-ல நாங்க நாக்பூர் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. ஜூனியருக்கு 4 வயசு, எல்.கே.ஜி. சேர்ந்து மூணு மாசம். ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. தங்கமணியும் நானும் லீவு போட்டுட்டு ஓடினோம். டீச்சர் நாலு கோடு நோட்டைத் திறந்து காட்டினாங்க. பக்கம் முழுக்கக் கோழி கிளறின மாதிரி கோடு. சில இடத்துல பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு. "இவன் பென்சிலை முஷ்டியால பிடிக்கறான். கிளாஸ்ல பாதிப் பேர் சரியாப் பிடிக்கறாங்க. வீட்ல பிராக்டிஸ் கொடுங்க"ன்னாங்க.

"பாதிப் பேர் சரியாப் பிடிக்கறாங்க" - இந்த ஒரு வரிதான் என் மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. மீதிப் பாதிப் பேரும் இவனை மாதிரிதான்னு கணக்குப் போடத் தோணலை பாருங்க. பி.காம். படிச்சு என்ன பிரயோஜனம்.

அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து ஆரம்பிச்சேன். பென்சில்ல மாட்டற ரப்பர் பிடி ரெண்டு விதம் வாங்கினேன். முக்கோணப் பென்சில் ஒரு டஜன். எதுக்கும் அவன் மசியலை. கடைசியா ரப்பர் பேண்ட் போட்டு மூணு விரலையும் பென்சிலோட சேர்த்துக் கட்டி, என் கையை மேல வெச்சு அழுத்தி எழுத வெச்சேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பக்கம். அவன் அழுவான், நான் கத்துவேன், தங்கமணி ரெண்டு பேரையும் திட்டுவாங்க.

இப்படி ஒரு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து நோட்டை எடுத்தேன். ஜூனியர் ஒண்ணும் பேசலை. வலது கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுக்கிட்டான். அவ்வளவுதான்.

நோட்டை மூடி வெச்சுட்டேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் சுவரெல்லாம் கிறுக்கி வெச்ச பய, அந்த ஒரு மாசத்துல ஒரு படம் கூட வரையலைங்கறது அப்புறம்தான் உறைச்சுது.

அந்த ஆகஸ்ட்ல அம்மா ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினாங்க. பொங்கல் வரைக்கும் இருக்கறதா ஏற்பாடு. கதையெல்லாம் கேட்டுட்டு அம்மா சொன்னது: "ஏண்டா, அந்தக் கையில ஒரு அப்பளம் நொறுக்கக் கூடத் தெம்பு இல்லை. அதுல போயி பென்சிலைக் கட்டி வெச்சிருக்க?"

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா அம்மா சொன்னதைத்தான் அப்புறம் நான் படிச்ச அத்தனையும் சொல்லுச்சு, கொஞ்சம் பெரிய வார்த்தைகள்ல.

சுருக்கமாச் சொல்றேன். குழந்தை எழுதுகோலைப் பிடிக்கற விதம் படிப்படியா மாறிக்கிட்டே வரும். ஒண்ணு, ஒண்ணரை வயசுல முழு முஷ்டி. தோளும் முழங்கையும்தான் அசையும், விரல் சும்மா பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். 2-3 வயசுல எல்லா விரலும் பென்சில் மேல குப்புறப் படுத்துக்கிட்டு, உள்ளங்கை கீழ பார்த்த மாதிரி பிடிப்பாங்க. மூணரை, நாலு வயசு வாக்குல மூணு விரல் பிடி எட்டிப் பார்க்கும். ஆனா அப்பவும் விரல் அசையாது, மணிக்கட்டுதான் அசையும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் தானே மடங்கி நீண்டு பென்சிலை ஓட்டற பிடி பெரும்பாலும் நாலரைக்கும் ஆறுக்கும் நடுவுலதான் வரும். சில பிள்ளைங்களுக்கு அதுக்கும் கொஞ்சம் தள்ளி வரும். அதாவது 4 வயசுல முஷ்டிப் பிடி கொஞ்சம் பின்தங்கினதா இருக்கலாமே ஒழிய, கத்திக் கூச்சல் போடற அளவுக்குக் குத்தம் இல்லை.

இன்னொரு விஷயம். நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு. பிறக்கும்போது அத்தனையும் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொண்ணா எலும்பா மாறிக்கிட்டு வந்து, கடைசி எலும்பு மாற 9 வயசு, 12 வயசு கூட ஆகும். அதுவரைக்கும் எழுதவே கூடாதுன்னு அர்த்தம் இல்லைங்க. இன்னும் கட்டி முடிக்காத வீடு, பாரம் ஏத்தும்போது பார்த்து ஏத்தணும், அவ்வளவுதான்.

முக்கியமான இன்னொண்ணு: பிடி விரல்லேர்ந்து ஆரம்பிக்கறதே இல்லை. தோள் உறுதியா இருந்தாத்தான் முழங்கை நிக்கும். முழங்கை நின்னாத்தான் மணிக்கட்டு. மணிக்கட்டு நின்னாத்தான் விரல் சுதந்திரமா அசையும். அப்புறம் ஒரே கையிலயே ரெண்டு வேலை நடக்கணும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி அமைதியா உட்காரணும், மத்த மூணும் ஓடணும். நான் என்ன பண்ணினேன்? அடித்தளமே போடாம மொட்டை மாடிக்கு ஓடு போட்டேன்.

என் கருத்து இதுதான்: பென்சில் பிடியைப் பென்சிலை வெச்சுச் சொல்லித்தர முடியாது. கையை முதல்ல தயார் பண்ணுங்க, பிடி பின்னாடியே வரும். கையைத் தயார் பண்ற இடம் நோட்டு இல்லை, அடுப்படி.

அம்மா எங்க வீட்ல செஞ்சதை வரிசையாச் சொல்றேன். கடையில வாங்க வேண்டியது ஒண்ணும் இல்லை.

சப்பாத்தி மாவு. தினமும் ஒரு உருண்டை அவனுக்கு. பிசையணும், உருட்டணும், சின்னச் சின்னதாக் கிள்ளிப் போடணும். முதல் வாரம் ரெண்டு நிமிஷத்துல "கை வலிக்குது பாட்டி"ன்னான். ஒரு மாசத்துல பாம்பு, நத்தை, பிள்ளையார்னு பண்ண ஆரம்பிச்சுட்டான்.

முருங்கைக்கீரை உருவறது, பட்டாணி உரிக்கறது, பூண்டு உரிக்கறது. பூண்டுத் தோலை எடுக்கறது எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு பண்ணிப் பார்த்தாத் தெரியும்.

செப்டம்பர்ல கணேஷ் சதுர்த்தி. பக்கத்து வீட்டு மராட்டிக்கார ஆன்ட்டி மோதகத்துக்கு மடிப்பு வெக்கறதைப் பார்த்திருக்கீங்களா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் - இந்த மூணு விரல்தான். பென்சில் பிடிக்கற அதே மூணு! ஜூனியர் அவங்க பக்கத்துல உட்கார்ந்து ஒரு டஜன் கோணல் மோதகம் பண்ணினான். தீபாவளிக்கு கரஞ்சி, அதான் நம்ம சோமாசி. ஓரத்தை அழுத்தி மடிக்கற வேலை அவனுக்குத்தான்.

நவம்பர், டிசம்பர்ல நாக்பூர்ல ஆரஞ்சுக்குப் பஞ்சமா? "உனக்கு வேணும்னா நீயே உரிச்சுக்கோ" - இது தங்கமணியோட சட்டம். தோல் உரிச்சு, நார் எடுத்து, சுளை பிரிச்சு, கொட்டை தள்ளி... ஒரு பழம் முடியறதுக்குள்ள பத்து விரலுக்கும் வேலை.

துணி காயப் போடும்போது கிளிப் மாட்டறது அவன் பொறுப்பு. அந்தக் கிளிப்பை அமுக்கித் திறக்க கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரா நின்னு வேலை செய்யணும். ஈரத் துணியைப் பிழியறதுக்கு மணிக்கட்டு, பார்க்ல கம்பியில தொங்கறதுக்குத் தோள்.

எல்லாத்துக்கும் மேல, கோலம். அம்மா எங்க ஃபிளாட் வாசல்ல தினமும் போடுவாங்க. கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கொஞ்சமா எடுத்து, விட்டும் விடாமலும் கோடு இழுக்கறது இருக்கே... எவ்வளவு அழுத்தணும், எவ்வளவு விடணும்னு விரலுக்கு அதைவிட நல்லா எது சொல்லித்தரும்? "ஆம்பளைப் பையன் கோலம் போடறானே"ன்னு எதிர் ஃபிளாட்ல சிரிச்சாங்க. சிரிக்கட்டும். இங்க ரங்கோலிப் பொடி தெருவுக்குத் தெரு விக்கறாங்க, கலர் கலரா. எந்த ஊர்ல இருந்தாலும் கொஞ்சம் அரிசி மாவு போதும்.

ஒரு எச்சரிக்கை. பட்டாணி, புளியங்கொட்டை, மணி மாதிரி சின்னப் பொருள் எல்லாம் பெரியவங்க கூடவே உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மூணு வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம். மூக்குல, தொண்டையில போச்சுன்னா பென்சில் பிடியைப் பத்திப் பேசவே நேரம் இருக்காது.

அப்போ பென்சிலே தொடக்கூடாதான்னு கேட்டீங்கன்னா, கிறுக்கட்டும், தாராளமா. ஆனா எதை வெச்சு, எங்க கிறுக்கறாங்கங்கறதுல விஷயம் இருக்கு.

பெரிய நீளப் பென்சிலுக்குப் பதிலா உடைஞ்ச கிரேயான் துண்டு கொடுங்க. ஒரு அங்குல நீளம் போதும். அதை முஷ்டியால பிடிக்கவே முடியாது, தானா விரல் நுனிக்கு வந்துடும். சாக்பீஸ் துண்டும் அப்படித்தான். நாங்க சின்ன வயசுல தேஞ்சு தேஞ்சு சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்த சிலேட்டுக் குச்சியை விடாம வெச்சு எழுதினோமே, வறுமையில பண்ணினது, ஆனா கைக்கு நல்லதாத்தான் ஆச்சு.

கிறுக்கறதுக்கு நிமிர்ந்து நிக்கற பரப்பு நல்லது. கரும்பலகையைச் சுவர்ல மாட்டுங்க. இல்லைன்னா பழைய காலண்டரைத் திருப்பி ஒட்டுங்க. நின்னுக்கிட்டு சுவர்ல எழுதும்போது மணிக்கட்டு தானா பின்பக்கம் சாயும். விரல் மடங்கிப் பிடிக்க அதுதான் சரியான நிலை. தோளுக்கும் வேலை.

உட்கார்ந்து எழுதும்போது கால் தரையில படணும். பெரியவங்க டைனிங் டேபிள்ல உட்கார வெச்சா கால் அந்தரத்துல தொங்கும், மேசை நெஞ்சுக்கு வரும். கால் அடியில ஒரு ஸ்டூல் வைங்க, மேசை முழங்கை உயரத்துக்கு வர்ற மாதிரி உயரமா உட்கார வைங்க. தரையில உட்கார்ந்து எழுதறதா இருந்தா, அந்தக் காலத்துக் கடைக் கணக்குப்பிள்ளை வெச்சிருந்த சாய்வு மேசை ஞாபகம் இருக்கா, அந்த மாதிரி ஒரு சாய்மானம் கொடுங்க. அட்டை ஃபைல் ஒண்ணைப் பின்னாடி உயர்த்தி வெச்சாலே போதும்.

நாலரை, அஞ்சு வயசு ஆனப்புறம் பிடியைக் காட்டிக் கொடுக்கணும்னா ஒரு எளிய வழி. பென்சிலை மேசை மேல, எழுதற முனை குழந்தையைப் பார்த்து இருக்கற மாதிரி வைங்க. கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கூர் தாண்டி ஒரு அங்குலத்துல கிள்ளி எடுக்கச் சொல்லுங்க. இன்னொரு கையால பென்சிலோட வாலைப் புரட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல சாயச் சொல்லுங்க. நடுவிரல் தானா அடியில வந்து முட்டுக் கொடுக்கும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் எட்டிப் பார்த்தா, அந்த ரெண்டுக்கும் ஒரு பஞ்சு உருண்டை கொடுத்து "கோழி முட்டையை அடைகாக்குது, விட்டுடாதே"ன்னு சொல்லுங்க. விளையாட்டா ஒரு தடவை, ரெண்டு தடவை. மாட்டேன்னா விட்டுடுங்க. ராத்திரி எட்டு மணிக்குக் கண்டிப்பா வேண்டாம் :-)

இனி நம்மளை மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம்.

நம்ம பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ், ஹிந்தி. இங்க மராட்டி வேற. தமிழ் எழுத்து நாம சொல்லித் தந்தாத்தான் உண்டு. அந்தப் பயத்துல, "ஸ்கூல் சுமை ஏறுறதுக்குள்ள தமிழை முடிச்சுடுவோம்"னு மூணு வயசுலயே அ, ஆ எழுத வைக்கறோம். நானும் அந்தத் தப்பைப் பண்ணினவன்தான். 'அ'வைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நிமிர்ந்த கோடு. 'இ' அதைவிட மோசம். பெரியவங்களுக்கே புதுசாக் கத்துக்கும்போது கை தடுமாறும்.

குழந்தை கை கோடு போடக் கத்துக்கற வரிசை வேற. மேலேர்ந்து கீழ ஒரு கோடு ரெண்டு வயசு வாக்குல. படுக்கைக் கோடு மூணு வயசுக்குள்ள. வட்டம் மூணு. கூட்டல் குறி நாலு. சதுரம் நாலரை. முக்கோணத்துக்கு வேண்டிய சாய்கோடு அஞ்சு. சில மாசம் முன்ன பின்ன இருக்கும், வரிசை பெரும்பாலும் இதுதான்.

அப்போ தமிழ்ல எதுல ஆரம்பிக்கணும்? 'ட'. ஒரு கோடு கீழ, ஒரு கோடு பக்கத்துல, முடிஞ்சுது! அடுத்தது 'ப'. அப்புறம் 'ம'. இந்த மூணு எழுத்துலயே 'படம்', 'மடம்', 'பட்டம்', 'மட்டம்'னு வார்த்தையே வந்துடும் (புள்ளி வைக்கறது பசங்களுக்குக் கொண்டாட்டம்). வளைவும் சுழியும் கை தயாரானப்புறம் வரட்டும். உயிரெழுத்தை வாயால வரிசையாச் சொல்லட்டும், கையால எழுதற வரிசை வேறயா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

அதோட, எழுத்தைக் கத்துக்கறதுக்கும் பென்சிலுக்கும் சம்பந்தமே வேண்டாம். நம்ம ஊர்ல விஜயதசமி அன்னிக்குத் தட்டுல அரிசியைப் பரப்பி, பிள்ளையோட விரலைப் பிடிச்சுத்தானே எழுத வைக்கறோம்? திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரலால எழுதித்தானே ஆரம்பிச்சாங்க? மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்க. அவங்க முறையிலயும் உப்புத்தாள்ல வெட்டி ஒட்டின எழுத்தை விரலால தடவித்தான் ஆரம்பம், பென்சில் பின்னாடிதான். நாம அந்த அரிசித் தட்டை ஒரு நாள் சடங்கா வெச்சுட்டு, மறுநாளே நோட்டை நீட்டிடறோம். அந்தத் தட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்கங்கறேன்.

இடது கைப் பசங்களுக்கு ஒரு வார்த்தை. பத்துல ஒருத்தர் வாக்குல இடது கைக்காரங்க. மாத்தணும்னு நினைக்கவே நினைக்காதீங்க. தாத்தா பாட்டி சொன்னாலும், பூஜை புனஸ்காரம்னு சொன்னாலும் சரி. பென்சில் நுனியிலேர்ந்து விரலை இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் எழுதினது கண்ணுக்குத் தெரியும். பேப்பரை உடம்புக்குக் கொஞ்சம் இடது பக்கமாத் தள்ளி, மேல் முனை வலது பக்கம் சாயற மாதிரி வைங்க. இல்லைன்னா மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைச்சு எழுதப் பழகிடுவாங்க.

"அப்போ எதுக்குமே கவலைப்பட வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும், ஆனா சரியான விஷயத்துக்கு. ஆறு வயசு தாண்டியும் நாலு வரி எழுதினதும் கை வலிக்குதுன்னு சொன்னா, விரல் நுனி வெளுத்துப் போற அளவுக்கு அழுத்தினா, பட்டன் போடறது, டிபன் பாக்ஸ் திறக்கறது எல்லாத்துலயும் தடுமாறினா, விரல் மூட்டு ரப்பர் மாதிரிப் பின்னால வளைஞ்சா, முன்னாடி பண்ணிக்கிட்டிருந்த வேலை இப்ப வரலைன்னா - குழந்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்னு இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. பெரிய ஊர்கள்ல கிடைக்கறாங்க. அவங்ககிட்ட போறது அவமானம் இல்லை. கண்ணாடி போடற மாதிரிதான்.

மத்தபடி, படத்துல இருக்கற அந்த ஒரே மூணு விரல் பிடிதான் சரி, மத்தது எல்லாம் தப்புன்னு இல்லவே இல்லை. மூணு விரலுக்குப் பதிலா நாலு விரல் வெச்சுப் பிடிக்கலாம். கட்டைவிரல் பென்சிலுக்குக் குறுக்க படுத்துக்கலாம். நாலாம் வகுப்புப் பசங்களை வெச்சு கனடாவுல ஆராய்ச்சி பண்ணி 2012-ல வெளியிட்டிருக்காங்க. இந்த நாலு விதப் பிடிக்கும் எழுதற வேகத்துலயோ தெளிவுலயோ பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் முடிவு. வலி இல்லாம, தடங்கல் இல்லாம ஓடுதா? அது போதும்.

இப்ப ஸ்கூல் விஷயத்துக்கு வர்றேன். அம்மா வந்து ரெண்டு மாசம் கழிச்சு நான் மட்டும் போய் டீச்சரைப் பார்த்தேன். சண்டை போடற மூடுலதான் போனேன். "மேடம், கொஞ்ச நாள் இவனுக்கு எழுத்து வேலை குறைச்சுக்கறீங்களா, வீட்ல கைக்கு வேற பயிற்சி கொடுக்கறோம்"னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். அவங்க உடனே சரின்னுட்டாங்க. அதுக்கப்புறம் சொன்னதுதான் எனக்கு விழுந்த அடி: "எனக்கும் விளையாட வைக்கத்தான் ஆசை சார். ஆனா நோட்டு காலியாப் போனா மறுநாள் பேரன்ட்ஸ் வந்து, இவ்வளவு ஃபீஸ் கட்டறோம், ஒரு பக்கம் கூட எழுதலையேன்னு கேட்கறாங்க."

யோசிச்சுப் பார்த்தேன். ஜூன் மாசம் நானே தங்கமணிகிட்ட அதைத்தானே கேட்டேன்? ஸ்கூலைக் குத்தம் சொல்றது சுலபம். நோட்டுல பக்கம் எண்ணற பழக்கம் நம்மகிட்டதான் இருக்கு. எனக்கு வவுச்சர் எண்ணி எண்ணி வந்த வியாதியோ என்னவோ.

இப்ப அரசாங்கமே சொல்லியாச்சு. 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 வயசுலேர்ந்து 8 வயசு வரைக்கும் ஒரே அடிப்படைக் கட்டமா வெச்சிருக்கு. ஒண்ணாம் வகுப்புக்கு 6 வயசுங்கறாங்க. அந்தக் கட்டத்துக்கான பாடத்திட்டச் சட்டகம் 2022 அக்டோபர்ல வந்துச்சு. அதுல ஆறு வயசு வரைக்கும் பாடப்புத்தகமே வேண்டாம், விளையாட்டு வழியாத்தான் எல்லாம்னு இருக்கு. அந்தக் கொள்கையில எனக்குப் பிடிக்காத சமாச்சாரங்கள் உண்டு, அது வேற சண்டை. ஆனா இந்த விஷயத்துல அது சொல்றது சரி. பேப்பர்ல இருக்கறது கிளாஸுக்குள்ள வரணும்னா, காலி நோட்டைப் பார்த்து நாம பதறாம இருக்கணும். டீச்சரைப் பார்க்கும்போது "ஏன் எழுதலை"ன்னு கேட்காம "இன்னிக்கு என்ன விளையாடினாங்க"ன்னு கேளுங்க. பத்துப் பேர் கேட்டா மாறும்.

"எல்லாம் மொபைல்ல டைப் அடிக்கற காலத்துல இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கம்?"னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்தாவது, பன்னிரண்டாவது போர்டு பரீட்சை இன்னிக்கும் பெரும்பாலும் மூணு மணி நேரம் கையால எழுதறதுதான், அது ஒரு பதில். என் சொந்தப் பதில் வேற. எங்க பேங்க்ல கையெழுத்துப் போடத் தெரியாதவங்க வந்தா கட்டைவிரல் ரேகை வாங்குவோம். அதுக்கு ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் ஆளா இருக்கணும். மை வெச்ச விரலைத் தலைமுடியில துடைச்சுக்கிட்டே, "எனக்கும் நாலு எழுத்து வந்திருந்தா..."ன்னு சொல்லிட்டுப் போன பாட்டிங்களை நான் பார்த்திருக்கேன். எழுதற கைங்கறது சின்ன விஷயம் இல்லை. அதனாலதான் அதை ஆரம்பத்துலயே அழ வெச்சு வெறுக்க வெச்சுடக் கூடாதுங்கறேன்.

ஜூனியர் அந்த டிசம்பர்ல, யாரும் சொல்லாம, தானே ஒரு கிரேயான் துண்டை எடுத்து காலண்டர் பின்பக்கத்துல ஒரு ரயில் வரைஞ்சான். பாட்டி ஊருக்குத் திரும்பப் போற ரயிலாம். பெட்டி மட்டும் 17 இருந்துச்சு. எந்த விரல் எங்க இருந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்லை.

10 வயசு ஆன பிள்ளைங்க தாங்களே கையெழுத்துப் போட்டு சேவிங்ஸ் கணக்கு நடத்தலாம்னு ரிசர்வ் பேங்க் 2014-லயே சொல்லிடுச்சு. 2024-ல அவனுக்கு 10 முடிஞ்சதும் எங்க கிளைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஃபார்ம்ல மாதிரிக் கையெழுத்துக் கட்டத்துல தமிழ்ல பேர் எழுதிப் போட்டான். கட்டைவிரல் பேனாவுக்குக் குறுக்க படுத்திருந்துச்சு, நாலு விரல் பிடி. புத்தகத்துல இருக்கற பிடி இல்லை.

கவுன்டர்ல இருந்த தம்பி கேட்டார், "சார், கையெழுத்து இதே மாதிரி எப்பவும் போடுவானா?"

"18 வயசுல எப்படியும் புதுசா வாங்கத்தானே போறோம், அதுவரைக்கும் போடுவான்"னேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, டீச்சரும் இல்லை. தப்புப் பண்ணின ஒரு அப்பா. உங்க வீட்ல யாராவது இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு நோட்டைத் திறக்கறதா இருந்தா, அதை மூடி வெச்சுட்டு ரெண்டு ஆரஞ்சு கொடுங்க. ஒண்ணு அவங்க உரிக்கட்டும், இன்னொண்ணு நீங்க.